முட்டி மேல் போட்ட பழி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்க அம்மா அதைச் சொல்லி வைக்காத ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட முதல் டம்ளர் காபியோடேயே சொல்லிவிடுவாள், பின்னால் பேச்சு வரக்கூடாதாம். அந்த வாயை நம்பித்தான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை கொடுத்தார்கள். பேருக்கு டைப்பிஸ்ட். வெளிநாட்டு மெஷின் வாங்கினால் அதை மாட்டிக் கொடுக்க அந்த ஊரிலிருந்தே ஒரு ஆள் வருவார். அவர் பேசும் இங்கிலீஷை ஃபிட்டர்களுக்குத் தமிழில் சொல்லணும், ஃபிட்டர்கள் பேசும் தமிழை அவருக்கு இங்கிலீஷில் சொல்லணும். அதுதான் என் நிஜமான வேலை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு மாசி மாதம் அப்படி ஒருத்தர் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்து இறங்கினார். மெஷின் வரவில்லை. பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டன. மனுஷர் மட்டும் ஒரு சூட்கேஸும், அவர் உயரத்துக்கு ஒரு நீளப் பையுமாக மில் கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், நல்ல ஆகிருதி, வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்து கிடந்தது. மில்லில் எல்லாரும் அவரைத் துரை என்றுதான் சொன்னார்கள்.

அந்த நீளப் பைக்குள் என்ன என்று மெயின்டனன்ஸில் இரண்டு நாள் பட்டிமன்றமே நடந்தது. ஒருத்தர் துப்பாக்கி என்றார், ஒருத்தர் தூண்டில் என்றார். கடைசியில் ஹெட் ஃபிட்டர் அண்ணன், "ஏம் தங்கச்சி, நீதான் பேசுதவ, கேட்டுத் தொலையேன். மண்டை வெடிச்சிரும் போலருக்கு" என்றார். கேட்டேன். துரை அப்படியே எழுந்துபோய்ப் பையை எடுத்துவந்து, பிள்ளைத்தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுக்கிற மாதிரி இரண்டு பலகைகளை வெளியே எடுத்தார்.

பனியில் சறுக்குகிற பலகை. நான் அதுவரைக்கும் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். படத்தில் இருந்தது ஒல்லி. இது என் ஐந்து விரலையும் சேர்த்து வைத்தாலும் மிச்சம் இருக்கிற அகலம். முன்னால் மூக்கு வளைந்திருந்தது, அது சரி. பின்னாலும் அதே மாதிரி வளைந்திருந்தது. "பின்னாடி எதுக்கு மூக்கு? ரிவர்ஸ் எடுக்கவா?" என்று ஃபிட்டர் அண்ணன் கேட்டார். நான் சொன்னதும் துரை துள்ளிக் குதித்துவிட்டார். ஆமாமாம், அதுக்குத்தானாம்.

புதுசாக விழுந்த பனி மாவு மாதிரி இருக்குமாம், ஒல்லிப் பலகை அதில் புதைந்துவிடுமாம், அகலப் பலகை மிதக்குமாம். ஃபிட்டர் அண்ணனுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. "தொழி கலக்குன சேத்து வயல்ல பலகை போட்டு நடக்குதோம்ல, அதான்" என்று மற்றவர்களுக்குச் சொன்னார்.

அப்புறம்தான் துரை விஷயத்துக்கு வந்தார். அந்தப் பலகையைச் செய்தது அவருடைய ஒரே மகள். ஒரு பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுக்கிற டீச்சர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ராத்திரி பகலாக உட்கார்ந்து, இதுதான் அவள் கையால் முழுசாகச் செய்து முடித்த முதல் ஜோடி. விளையாட்டுப் பிள்ளை மாதிரி துள்ளுகிற பலகை வேணும் என்பது அவள் ஆசை. இது தேறிவிட்டது என்றால் டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் பட்டறை போடப் போகிறாள். மாசக் கடைசிக்குள் பள்ளிக்கூடத்தில் சொல்லியாக வேண்டும். அதற்காக அப்பாவிடம், "திரும்பி வர்ற வழியில மணாலிப் பனியில ஓட்டிப் பாருங்க. புதுப்பனி, ஈரப்பனி, இறுகின பனி, பழசாப்போன பனி எல்லாத்துலயும் பாருங்க. என்னைத் தெரியாத ஆளுங்ககிட்ட கேட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். மெஷினை மாட்டிவிட்டு மணாலி போகலாம் என்பது இவருடைய திட்டம். மெஷின் துறைமுகத்தில், பனியோ அங்கே உருகிக்கொண்டிருக்கிறது. சொல்லும்போதே மனுஷருக்கு முகம் தொங்கிப்போனது.

மறுநாள் அவரை எங்கள் ஜின்னிங் பேக்டரியைக் காட்டக் கூட்டிப்போனோம். பருத்தி சீசன். கொட்டை நீக்கின பஞ்சு அறைக்குள் கூரை முட்டக் குவிந்து கிடந்தது. துரை வாசலிலேயே நின்றுவிட்டார். பெண்கள் உள்ளே முழங்கால் புதையப் பஞ்சை அள்ளித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை மூடித் திறந்து, "பனி" என்றார். அப்புறம் ஓட்டமும் நடையுமாகக் கெஸ்ட் ஹவுஸுக்குப் போய்விட்டார், பலகையை எடுத்துவர.

இந்த இடைவெளியில் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். எங்கள் மேனேஜர் காற்றடித்தால்கூட அது யாருடைய காற்று என்று கேட்டுவிட்டுத்தான் தலையை ஆட்டுவார். "இந்தா பாரும்மா. அவிய மனசு கோணுச்சுன்னா மெஷினும் கோணிரும். என்ன கேட்டாலும் வெரி குட். உன் வாயை மூட்டை கட்டி வீட்டுல வச்சுட்டு வா, புரியுதா?" என்றார்.

"அவுக மக உள்ளதச் சொல்லச் சொல்லிருக்காளே சார்" என்றேன்.

"மக ஸ்விட்சர்லாந்துல இருக்கா. நீ இங்க இருக்க" என்றார் மேனேஜர்.

துரை பலகையோடு வந்தார். அங்கே முதல் முட்டுக்கட்டை போட்டது பஞ்சுக்கார அக்கா. அந்த அறைக்கு அவள்தான் ராணி. பஞ்சு மேல் யாரும் செருப்புக் காலை வைக்க விடமாட்டாள், லட்சுமி என்பாள். துரையோ முழங்கால் வரைக்கும் பிளாஸ்டிக்கில் பூட்ஸ் மாட்டி நின்றார். பெரிய வழக்காகிப்போனது. கடைசியில் அக்காவே தீர்ப்பும் சொன்னாள்: "பலகை மேலதான நிக்காரு. பஞ்சுல படுறது பலகைதான? பலகை என்ன செருப்பா? ஆனா புதுச் சாமான், பூசை போடாம உள்ள விடமாட்டேன்."

புது வண்டி வாங்கினால் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி (பஞ்சு அறைக்கு வெளியே, தூரத்தில்), பலகை ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். லாரிச் சக்கரம் என்றால் பழம் நசுங்கும். பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. துரை ஏறி நின்றார். பழம் உருண்டது. இரண்டு காலும் இரண்டு திசையில் போய், அந்தப் பெரிய உடம்பு சிமெண்ட் தரையில் தடாலென்று உட்கார்ந்தது. பஞ்சுக்கார அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கண்ணேறு கழிஞ்சுச்சு, இனி ஒண்ணும் ஆவாது" என்றாள். நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். துரை எழுந்து கும்பிட்டார்.

பலகை ஓரத்தில் இரும்புப் பட்டை இருந்தது. அது சிமெண்டில் உரசிப் பொறி பறந்தால் மொத்தப் பஞ்சும் பற்றிக்கொள்ளும் என்று ஃபிட்டர் அண்ணன் வாளி வாளியாகத் தண்ணீரும் மணலும் வரிசை கட்டி வைத்தார். மேனேஜரே ஒரு மணல் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரை பஞ்சுக் குவியலின் உச்சியில் போய் நின்று, கீழே பார்த்து, முன்னால் சாய்ந்தார். பலகை ஒரு அங்குலம் நகரவில்லை. பஞ்சு பிடித்த பிடியில் பூட்ஸ் அளவுக்குப் புதைந்து, ஊன்றி வைத்த கொடிமரம் மாதிரி நின்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நம்ம ஆட்கள் சும்மா விடுவார்களா? கயிறு கொண்டுவந்து அவர் இடுப்பில் கட்டினார்கள். ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுத்த கைகள். "கோவிந்தா!" என்று ஒரு சத்தம், ஒரே இழுப்பு. துரை பஞ்சு பறக்கக் கீழே வந்தார். வந்தவர் நேராக வரவில்லை. வலப்பக்கமாக ஒதுங்கி, ஒதுங்கி, சுவரில் போய் ஒட்டிக்கொண்டார்.

பஞ்சுத் தலையோடு திரும்பி, மூச்சு வாங்கச் சொன்னார்: "பலகை நன்றாக இருக்கிறது. என் வலது முட்டிதான் சரியில்லை. வயசாகிவிட்டது."

ஃபிட்டர் அண்ணன் குனிந்து பலகையை ஒரு கண்ணால் பார்த்தார். "முட்டில்லாம் இல்ல தங்கச்சி. வலது பலகை முறுக்கிக் கிடக்கு. இங்க நின்னு பாத்தாலே தெரியுதே."

"என்ன சொல்கிறார்?" என்று துரை கேட்டார். மேனேஜர் வாளியோடு என்னைப் பார்த்தார்.

"முட்டியைப் பார்த்துக்கச் சொல்றார் சார். பலகை வெரி குட்" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கே வாய் கசந்தது.

பஞ்சு அறை ஆபத்து என்று அடுத்து முற்றத்தில் பருத்திக்கொட்டைக் குவியலுக்குப் போனோம். அங்கே கயிறே வேண்டாம். கொட்டைகள் பலகைக்கு அடியில் உருண்டு உருண்டு ஓடின. வெயில் காலத்தில் பனி உப்புக்கல் மாதிரி பொடிப்பொடியாக ஆகிவிடுமாம், அதில் ஓட்டுகிற மாதிரியே இருக்கிறது என்று துரைக்கு ஒரே சந்தோஷம். உச்சியிலிருந்து விர்ரென்று இறங்கினார், அழகாகத்தான் இறங்கினார். பாதி வழியில் வலப்பக்கம். அங்கே கொட்டை ஏற்ற வந்த மாட்டுவண்டி நின்றுகொண்டிருந்தது. மாடுகள் மிரண்டு வண்டியோடு கேட்டைத் தாண்டி ஓடிவிட்டன. வண்டிக்காரர் போட்ட சத்தத்தை நான் மொழிபெயர்க்கவில்லை.

"முட்டி" என்றார் துரை, கொட்டையைக் காதிலிருந்து எடுத்தபடி.

"வெரி குட் சார்" என்றார் மேனேஜர்.

அடுத்த நாள் சோழபுரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவித்திருந்த உமியைக் கண்டுபிடித்தது ஃபிட்டர் அண்ணன்தான். அடடா, அதைச் சொல்லணும். உமியில் அந்தப் பலகை நிஜமாகவே மிதந்தது. மாவுப் பனி என்று அவர் சொன்னது என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. துரை இறங்க இறங்க இரண்டு பக்கமும் உமி பொன்னாகப் பறந்தது, அவர் ஒரு குதி குதித்தார், பலகையும் கூடவே குதித்தது. ஐம்பது வயது ஆள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரிக் கத்தினார். அந்தப் பொண்ணு கையில் வித்தை இருக்கிறது என்று எனக்கு மனசார ஒரு பெருமை வந்தது, அவள் யாரோ எவளோ! அதே மூச்சில் பலகை வலப்பக்கம் திரும்பி, துரையைக் கொண்டுபோய் வாய்க்காலில் இறக்கியது.

தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, முட்டியைத் தடவிக்கொண்டே, "எல்லாரும் என்ன சொல்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். ஃபிட்டர் அண்ணன் என் பின்னால் வந்து, "சொல்லிரு தங்கச்சி. பாவம்ல, அந்தப் புள்ள இத நம்பி வேலைய விட்டுட்டு நிக்கப்போவுது" என்றார். மேனேஜர் இருமினார். நான் மறுபடியும் வெரி குட் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை துரை ஸ்ரீவில்லிபுத்தூர் பார்க்கணும் என்றார். மில் காரில் வந்தார். கோபுரம் பார்த்து, தேர் பார்த்து, கடைசியில் பால்கோவா கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் அடுப்படியிலேயே இலையில் சூடாக வைத்துக் கொடுத்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். துரை ஒரு வாய் போட்டார், மென்றார், "அடிப்பிடித்திருக்கிறது" என்றார் என்னிடம்.

எங்கள் ஊர்க் கடையில் நின்றுகொண்டு எங்கள் ஊர்ப் பால்கோவாவைச் சொல்வதா! கடைக்காரர், "என்னம்மா சொல்லுதாரு? மூஞ்சியே சரியில்லையே" என்றார். வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் ஒரு துளி எடுத்து வாயில் போட்டார். "அட ஆமா. பேச்சு பராக்குல விட்டுட்டேன் போல. செத்த நேரம் பொறுக்கச் சொல்லும்மா, அடுத்த ஈடு இந்தா எறக்கப்போறேன்" என்று துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு கோபமும் இல்லை. அடுத்த ஈடு வந்தது. துரை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு, கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

காரில் ஏறினதும் என்னால் அடக்க முடியவில்லை. "அவர்கிட்ட மட்டும் நேரா சொல்லிட்டீங்க?" என்றேன்.

"சொல்லாவிட்டால் நாளைக்கும் அடிப்பிடித்ததையே விற்பார்" என்றார்.

"அப்ப பலகை சார்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ரயில்வே கேட் போட்டிருந்தது. கார் நின்றபிறகு சொன்னார். அவர் மகள் வளர்ந்ததை அவர் பார்த்ததே கிடையாது. மெஷின் மாட்ட இன்றைக்கு இந்த தேசம், நாளைக்கு அந்த தேசம். வருஷத்தில் கொஞ்ச நாள்தான் வீட்டில் இருப்பார். அந்தக் கொஞ்ச நாளில் அவள் எதைக் காட்டினாலும், படமோ மார்க்கோ மரப்பெட்டியோ, அருமை அருமை என்பார். "எப்போதாவது வருகிற அப்பனுக்குக் குறை சொல்ல என்ன உரிமை இருக்கிறது?" என்றார். முட்டியைத் தடவிக்கொண்டார். அந்த முட்டியில் ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது.

எனக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எங்க அப்பா நேர் எதிர். நான் பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் போட்ட காபியில் ஆரம்பித்து நான் அடித்த டைப் வரைக்கும் எல்லாமே நொள்ளை. இந்த இரண்டு அப்பன்களையும் ஒரு சட்டியில் போட்டுக் கலக்கி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் எம்புட்டு நல்லாயிருக்கும் என்று தோன்றியது. சிரிப்பு வந்துவிட்டது. துரை என்ன என்று கேட்டார், சொல்லவில்லை.

சொன்னது வேறு. "உங்க முட்டி சரியில்லதானே சார்? என் முட்டி நல்லா இருக்கு. நாளைக்கு நான் ஏறுதேன். நேரா போச்சுன்னா முட்டிதான் காரணம். வலப்பக்கம் போச்சுன்னா பலகை."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பாவம், முட்டி பொய் என்று ஒத்துக்கொண்டால் ஒழிய அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கேட் திறந்தது.

மறுநாள் திங்கள்கிழமை. மேனேஜர் பெட்டி விஷயமாகத் தூத்துக்குடி போயிருந்தார், அதைப் பார்த்துத்தான் நாளைக் குறித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பருத்திக்கொட்டைக் குவியலைச் சுற்றி மில்லே கூடிவிட்டது. துரையின் பூட்ஸுக்குள் என் காலை விட்டால், தவலைக்குள் கரண்டி போட்ட மாதிரி லொடலொடவென்று ஆடியது. "இதுக்கா பஞ்சம்?" என்று பஞ்சுக்கார அக்கா ஒரு மடி பஞ்சைக் கொண்டுவந்து பூட்ஸுக்குள் திணித்தாள். சேலையை நானே வரிந்து கட்டிக்கொண்டேன். அக்கா அதிலே இருக்கிற பின்னை எல்லாம் சரிபார்த்தாள். "ஏட்டி, மானம் போற மாதிரி விழுந்துராத. எங்க மானமும் சேத்துத்தான்" என்றாள்.

குவியல் உச்சியில் நின்று பார்த்தால் கீழே எல்லாரும் குட்டியாகத் தெரிந்தார்கள். எதுக்கு இந்த வேலை, பேசாமல் டைப் அடித்துக்கொண்டு இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். துரை கீழிருந்து முட்டியை மடக்கு, மடக்கு என்று சைகை காட்டினார். முன்னால் சாய்ந்தேன்.

ஐயோ, அது ஒரு சுகம்! பூமி நம்மை விட்டுவிட்ட மாதிரி இருந்தது. காதுக்குள் காற்று. நான் போட்ட சத்தம் அய்யனார் கோவில் அருவிக்கே கேட்டிருக்கும். ஒரு கணம்தான். அப்புறம் வலது பலகை, கடைத்தெருவில் வளையல் கடையைப் பார்த்த பிள்ளை மாதிரி, என்னை வலப்பக்கம் இழுத்தது. இடது காலை ஊன்றினேன், கேட்கவில்லை. ஆளை மாற்றியும் அது வழியை மாற்றவில்லை. நேரே போய், மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இடுப்பு வரைக்கும் உட்கார்ந்தேன்.

கண்ணைத் துடைத்துப் பார்த்தால் எதிரே மேனேஜர். தூத்துக்குடி பஸ் பிரேக்டவுனாம், பாதியிலேயே திரும்பிவிட்டார். தொட்டிக்குள் அவர் டைப்பிஸ்ட், காலில் ஸ்விட்சர்லாந்துப் பலகை. அவர் வாய் திறந்தபடி நின்றது. துரை அவர் பக்கத்தில் வந்து, மெதுவாக, "என் முட்டி இல்லை" என்றார்.

"வெரி குட் சார்" என்றார் மேனேஜர்.

அன்றைக்குச் சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டாக வேண்டும். விடிந்தால் மாசக் கடைசி, அவள் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லணும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு நானும் ஃபிட்டர் அண்ணனும் கூடப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் துரை நின்று பேச, வெளியே நாங்கள். கூட அரை டஜன் பேர் வரிசையில் இருந்தார்கள். கதவு சரியாக மூடாது, மூடியிருந்தாலும் அந்தக் கூட்டம் காதைக் கொடுக்காமல் இருக்காது. அவர் பேசிய பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் பேசிக்கொண்டே அவர் கை தானாக இறங்கி வலது முட்டியைத் தடவியதைப் பார்த்தேன்.

"அடப்பாவி மனுஷா! மறுபடியும் முட்டிக் கதைய ஆரம்பிச்சிட்டாரு" என்றார் ஃபிட்டர் அண்ணன்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. கதவைத் திறந்து, "கொடுங்க சார்" என்று ரிசீவரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. யாராவது வாங்கிக்கொள்ளக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது.

"நான் இங்க மில்லில் டைப்பிஸ்ட்" என்றேன் இங்கிலீஷில். "உங்க பலகை உமியில் மிதக்குது. துள்ளுது. ரொம்ப அழகு, சத்தியமா. ஆனா பஞ்சு, கொட்டை, உமி, எதுல விட்டாலும் வலப்பக்கம் போகுது. உங்க அப்பாவுக்கும் போகுது, எனக்கும் போகுது. வலது பலகை முறுக்கியிருக்கு."

அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் கேட்டது. "அப்பா அவருடைய முட்டிதான் காரணம் என்றார்."

"உங்க அப்பா முட்டிக்கு ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட நல்லா இல்லைன்னு சொல்ல அவருக்குப் பயம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சின்ன வயசிலிருந்து எல்லாத்தையும் அருமை என்றுதான் சொல்வார்" என்றாள். "எனக்கு எதுதான் வரும், எது வராது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. அவரிடம் கொடுங்கள்."

கொடுத்தேன். அவள் ஏதோ கேட்டாள், ஒரே ஒரு கேள்விதான். துரை ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் வலது கையைப் பலகையாக வைத்து ஓட்டிக் காட்டினார். நேராக வந்த கை மெல்ல வலப்பக்கம் திரும்பியது. பார்க்க முடியாத மகளுக்கு அதை மறுபடியும் மறுபடியும் காட்டிக்கொண்டே பேசினார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை, அப்புறம் இவரும் சிரிக்க ஆரம்பித்தார். எங்க அப்பா இப்படி ஒரு நாளாவது எனக்காக எதையாவது காட்டிப் பேசியிருக்கிறாரா என்று நினைத்துக்கொண்டு நானும் அங்கேயே அழுதேன். ஃபிட்டர் அண்ணன் கர்சீப்பைக் கொடுத்தார், அதில் கிரீஸ்.

பேசி முடிப்பதற்கு முன்னால் துரை கதவிடுக்கில் தலையை நீட்டினார். முகம் பளிச்சென்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு வருஷம் இருக்கப் போகிறாளாம், அதற்குள் இன்னொரு ஜோடி செய்யப் போகிறாளாம். "அவளுக்கு ஒரு தகவல் உடனே வேண்டும்" என்றார். "என் எடை அவளுக்குத் தெரியும். உன் எடை தெரிந்தால்தான் கணக்குப் போட முடியுமாம். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னாள்."

பூத்காரர் மீட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினார். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதில் ஒருத்தர் எங்கள் தெரு. ஃபிட்டர் அண்ணன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, "சொல்லிரு தங்கச்சி, பாவம்ல அந்தப் புள்ள" என்றார்.

பெற்றவளிடம்கூட ஐந்து கிலோ குறைத்துத்தான் சொல்லியிருந்தேன். அந்தப் பொண்ணுக்கு முழுசாகச் சொன்னேன்.